ஃபைண்ட் சொன்ன ‘இல்லை’யும் நான் சொன்ன ‘இல்லை’யும்

லினக்ஸில் கோப்பு தேடிப் பழகிய எல்லோர் விரலிலும் ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். ஃபைண்ட் கட்டளையை அடித்து முடித்ததும் யோசிக்காமலே சேர்த்துவிடுவோம்: 2>/டெவ்/நல். ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வரிவரியாக வந்து திரையை நிரப்பும் தொல்லை ஒரே நொடியில் தீர்ந்துவிடும். யாராவது கேட்டால் நாமும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். எனக்கு ஒரு சீனியர் சொல்லிக்கொடுத்தார், நான் என் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இருபது வருஷமாக நடக்கிறது.

இந்தப் பதிவு அந்த வாலைப் பற்றிய விமர்சனம். வால் எப்போதுமே தப்பு என்று சொல்ல வரவில்லை. எப்போது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. அதற்கான விலையைப் போன வருஷம் வேறொருவர் கொடுத்தார்.

(கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

நடந்தது

கல்லூரியில் என்னுடன் படித்த தோழி ஒருத்தி. அவள் அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய் வயதான பெண்களிடம் தாலாட்டும் ஒப்பாரியும் கேட்டு கேசட்டில் பதிவு பண்ணியவர். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தார். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. போன வருஷம் அவரும் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்தப் பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள்.

“டேய், இதுல அப்பாவோட ரெக்கார்டிங் எல்லாம் இருக்கணும். கொஞ்சம் பாத்து எடுத்துக் குடுடா.”

யூஎஸ்பி டாக்கில் மாட்டினேன். லினக்ஸ் டிஸ்க்தான், அவள் தம்பி போட்டுக் கொடுத்தது. இரண்டு பார்ட்டிஷன், ஒன்று சிஸ்டம், இன்னொன்று ஹோம். ஹோம் பார்ட்டிஷனுக்குள் போய் வழக்கம்போல அடித்தேன்:

ஃபைண்ட் . -ஐநேம் '*.வேவ்' 2>/டெவ்/நல் | டபிள்யூசி -எல்

பதில்: 0.

எம்பி3 என்று மாற்றிப் பார்த்தேன். சில சினிமாப் பாட்டுகள் வந்தன. தம்பியின் போட்டோக்கள், காலேஜ் பிராஜெக்ட், சில படங்கள் எல்லாம் கண்ணில் பட்டன. ரெக்கார்டிங் எதுவும் இல்லை. சிஸ்டம் பார்ட்டிஷனிலும் தேடினேன். இல்லை. அன்று ராத்திரியே ஃபோன் பண்ணிச் சொல்லிவிட்டேன்: “இதுல இல்லப்பா. வேற டிஸ்க் ஏதாவது இருந்துச்சா?” வேறு டிஸ்க் இல்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிடா, விடு” என்றாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கூப்பிட்டாள். டிஸ்கை அழித்துக் கொடுத்தால் அக்கா பையன் உபயோகித்துக்கொள்வான் என்றாள். மறுபடி மாட்டினேன். ஃபார்மேட் பண்ணுவதற்கு முன் சரியான டிஸ்க்தானா என்று ஒருமுறை டிஎஃப் அடித்துப் பார்ப்பது என் வழக்கம். ஹோம் பார்ட்டிஷனில் 74 ஜிபி உபயோகத்தில் இருப்பதாகக் காட்டியது. நான் பார்த்த போட்டோவும் படமும் அவ்வளவு வராதே என்று டியூ அடித்துக் கூட்டிப் பார்த்தேன். 22 ஜிபி. மீதி 52 ஜிபி எங்கே?

அப்போதுதான் வாலை எடுத்துவிட்டு ஃபைண்டை ஓட்டினேன். வந்த பிழை ஒரே ஒரு வரி:

ஃபைண்ட்: ‘./அப்பா’: அனுமதி மறுக்கப்பட்டது

ஒரே வரி! திரை நிரம்பிவிடும் என்று பயந்து நான் மறைத்தது இந்த ஒரு வரியைத்தான்.

சூடோ போட்டுத் திறந்தேன். உள்ளே ஐம்பத்துச் சொச்சம் கேசட்டின் இரண்டு பக்கங்களும் தனித்தனி வேவ் கோப்பாக வரிசையாக இருந்தன. சிடி தரத்தில் ஸ்டீரியோ வேவ் என்றால் நிமிஷத்துக்குச் சுமார் 10 எம்பி. 52 ஜிபி என்பது கிட்டத்தட்ட 86 மணி நேரப் பாட்டு. இன்னும் பத்து நிமிஷத்தில் அதை அழித்திருப்பேன்.

அனுமதி என்றால் எதற்கு அனுமதி?

ஏன் இப்படி ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் இங்கே ஒரு குழப்பம் உண்டு.

லினக்ஸ் டிஸ்கில் ஒரு கோப்பின் சொந்தக்காரர் யார் என்பது பெயராகப் பதிவாவதில்லை, எண்ணாகத்தான் பதிவாகிறது. உபுண்டு, டெபியன் மாதிரியான வழக்கமான விநியோகங்களில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. அந்தப் பழைய கம்ப்யூட்டரில் தம்பி 1000, அப்பா 1001. என் லேப்டாப்பில் நான் 1000. ஆக, டிஸ்கை மாட்டியதுமே தம்பியின் கோப்புகளெல்லாம் என்னுடையவை போலத் திறந்துகொண்டன. அப்பாவின் ஃபோல்டர் மட்டும் யாரோ ஒரு 1001-க்குச் சொந்தம். அதன் அனுமதி 700, அதாவது சொந்தக்காரருக்கு மட்டும். ‘பசங்க விளையாட்டா அழிச்சிடக்கூடாதுன்னு நான்தான் பூட்டி வெச்சேன்’ என்று தம்பி பின்னால் சொன்னான். பத்திரமாக இருக்க வேண்டும் என்று போட்ட பூட்டு.

ஒரு கோப்பைப் பெயரால் கண்டுபிடிக்க அந்தக் கோப்பின் மீது நமக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. 000 என்று முழுக்கப் பூட்டிய கோப்பையும் ஃபைண்ட் முணுமுணுக்காமல் காட்டும். தேவைப்படுவது அது இருக்கும் டைரக்டரி மீதான அனுமதி. அதிலும் இரண்டு வகை. ‘ஆர்’ இருந்தால் உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்ற பட்டியலைப் படிக்கலாம். ‘எக்ஸ்’ இருந்தால் உள்ளே நுழைந்து கடந்து போகலாம். பட்டியல் படிக்க முடியாமல் கடக்க மட்டும் முடிகிற டைரக்டரியும் உண்டு. 711 என்று வைத்தால் மற்றவர்களுக்கு அப்படித்தான். அங்கே ஃபைண்ட் ‘அனுமதி இல்லை’ என்று திரும்பிவிடும். ஆனால் கோப்பின் முழுப் பாதை உங்களுக்குத் தெரிந்திருந்தால், கோப்பின் அனுமதியும் இடம் கொடுத்தால், தாராளமாகத் திறந்து படிக்கலாம். அதாவது, நம்மால் படிக்கவே முடிகிற ஒரு கோப்பை ஃபைண்டால் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

இன்னொன்று. உபுண்டு 21.04 முதல் புதிய பயனர்களின் ஹோம் டைரக்டரி 755-க்குப் பதில் 750-ஆக உருவாகிறது. அதற்கு முன் அடுத்தவர் ஹோமை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்க முடிந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் இனி வரும் காலத்தில் பழைய டிஸ்கை மாட்டித் தேடுகிறவர்களுக்கு என் கதை இன்னும் அதிகமாக நடக்கும்.

இரண்டாவது குழாய் வந்த கதை

ஒரு கட்டளை பேசுவதற்கு இரண்டு குழாய்கள். எண் 1-இல் பதில் வரும், எண் 2-இல் பிழைச் செய்தி வரும். வாலில் இருக்கும் 2 இதுதான். /டெவ்/நல் என்பது கொட்டியதையெல்லாம் விழுங்கும் குப்பைத்தொட்டி.

இந்த இரண்டாவது குழாய் யூனிக்ஸில் முதலிலிருந்தே இருந்ததில்லை. 1970களில் பெல் ஆய்வகத்தில் ஒளி அச்சுக்கோப்பு எந்திரம் ஒன்று இருந்தது. கட்டளையின் வெளியீடு புகைப்படத் தாளில் பதிவாகும். அந்தத் தாளை ரசாயனத்தில் கழுவிச் சில நிமிஷம் காத்திருந்தால்தான் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். ஒரு நாள் மதியம் அங்கே பலருக்கும் ஒரே அனுபவம். காத்திருந்து தாளை எடுத்துப் பார்த்தால், கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழைச் செய்தி ஒற்றை வரியாக, அழகான அச்செழுத்தில் வந்திருந்தது. யாக் எழுதிய ஸ்டீவ் ஜான்சன் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். எல்லோரும் புலம்ப, ஒன்றிரண்டு நாளில் பிழைச் செய்திக்குத் தனிக் குழாய் வந்துவிட்டது.

ஆக, பிழை பதிலோடு கலந்து எங்கோ போய்விடாமல் மனிதன் கண்ணில் உடனே படவேண்டும் என்பதற்காகப் பிரித்த குழாய் இது. நாம் என்ன செய்கிறோம்? தனியாக இருப்பதால் வெட்டிப் போடுவதற்கு வசதியாக இருக்கிறது என்று வெட்டிப் போடுகிறோம்.

குப்பைத்தொட்டிக்குள் வேறு என்னவெல்லாம் போகிறது?

வாலைப் பரிந்துரைக்கிறவர்கள் ‘அனுமதிப் பிழையை மறைக்க’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் 2> என்பது அனுமதிப் பிழையை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை. இரண்டாம் குழாயில் வருவது எதுவானாலும் போய்விடும்.

அனுமதி மறுப்பு என்பது கெர்னல் தரும் பிழைகளில் ஒன்று, லினக்ஸில் அதன் எண் 13. எண் 5 என்றால் உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை. பழைய டிஸ்கில் அது வந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது, முதலில் பிரதி எடு என்று அர்த்தம். எண் 2 என்றால் அப்படியொரு கோப்பு இல்லை; நீங்கள் தேடச் சொன்ன டைரக்டரியின் பெயரையே தப்பாக அடித்திருந்தாலும் இதுதான் வரும். வாலோடு அடித்துப் பழகியவர் ஒரு எழுத்து பிசகினாலும், இல்லாத ஊரில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று எழுந்துவிடுவார். ஃபைண்டுக்குக் கொடுத்த விருப்பத்தேர்வில் எழுத்துப்பிழை இருந்தால் அது தேடவே ஆரம்பிக்காது. அந்தப் புகாரும் இதே குழாயில்தான் வரும். எல்லாவற்றுக்கும் திரையில் ஒரே பதில்: வெறுமை.

வெறுமை என்றால் ‘எல்லா இடத்திலும் பார்த்தேன், இல்லை’ என்று நாம் படிக்கிறோம். ஃபைண்ட் சொன்னது ‘பார்க்க முடிந்த இடத்தில் இல்லை, ஒரு கதவு பூட்டியிருக்கிறது’ என்பது. அதில் பின்பாதியை வெட்டியது நான்.

இதில் ஃபைண்டுக்கு ஒரு நேர்மையும் உண்டு. செய்தியை வெட்டினாலும் அதன் முடிவுநிலை எண் மாறாது. எல்லாம் சரியாக நடந்தால் 0, எங்காவது இடறினால் 0 அல்லாத எண். வாலோடு ஓட்டிவிட்டு எக்கோ $? என்று கேட்டால் 1 என்று சொல்லும். ஆனால் நான் குழாய் போட்டு டபிள்யூசி-க்கு அனுப்பியிருந்தேன். குழாய் போட்டால் ஷெல் கடைசிக் கட்டளையின் எண்ணைத்தான் தரும். டபிள்யூசி எண்ணும் வேலையைச் சரியாகச் செய்துவிட்டதால் 0. பேஷில் செட் -ஓ பைப்ஃபெயில் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். போடவில்லை.

மற்ற வைத்தியங்கள்

வாலுக்கு மாற்றாகச் சொல்லப்படும் ஒவ்வொன்றையும் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு ஓட்டை இருக்கிறது.

முதலாவது, இரண்டு குழாய்களையும் ஒன்றாக்கி (2>&1) கிரெப் -வி போட்டு, ‘அனுமதி மறுப்பு’ என்ற வாசகம் உள்ள வரிகளை மட்டும் கழிப்பது. மற்ற பிழைகள் தப்பிக்கும் என்பதால் வாலைவிட மேல். ஆனால் பதிலும் பிழையும் கலந்துவிடும். வாசகம் கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. ஜெர்மன் அமைப்பில் ஆங்கில வாசகத்தைத் தேடினால் சிக்காது. முன்னால் எல்சி_ஆல்=சி சேர்க்க வேண்டும். பேஷில் 2> >(கிரெப் -வி ... >&2) என்று எழுதினால் கலக்காமலே வடிகட்டலாம். அவசரத்தில் யார் இதை நினைவு வைத்து அடிக்கப்போகிறார்கள்?

இரண்டாவது, படிக்க முடியாத டைரக்டரிக்குள் போகவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்வது. குனூ ஃபைண்டில் -டைப் டி ! -ரீடபிள் -ப்ரூன் -ஓ என்று முன்னால் போட்டுவிட்டு மீதியை எழுதி, கடைசியில் -ப்ரின்ட் சேர்க்க வேண்டும். பார்க்கச் சுத்தமாக இருக்கும், பிழையே வராது. அதுதான் பிரச்சினை. பூட்டிய கதவைத் தட்டாமலே தாண்டிப் போவதால் முடிவுநிலை எண்ணும் 0 ஆகிவிடும்! ஃபைண்டிடம் இருந்த கடைசி நேர்மையையும் பிடுங்கிக்கொள்கிறோம். அதோடு -ரீடபிள் சோதனை, பயனர் எண்களை மாற்றிக் கையாளும் என்எஃப்எஸ் சர்வரில் ஏமாறலாம் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. இதை உபயோகிப்பதானால் -ப்ரூனுக்கு முன் -எஃப்ப்ரின்ட் தவிர்த்தவை.டெக்ஸ்ட் என்று சேர்த்து, எதையெல்லாம் தாண்டினோம் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, -எக்ஸ்டெவ். இருக்கும் கோப்பு முறைமையை விட்டு வெளியே போகாதே என்று பொருள். வேரிலிருந்து தேடும்போது கூச்சல் பெரும்பாலும் /ப்ராக்-இலிருந்து வரும். அது டிஸ்கில் இருக்கும் இடமே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பற்றிக் கெர்னல் அந்தந்த நேரத்தில் காட்டும் தோற்றம். -எக்ஸ்டெவ் அதைத் தவிர்க்கும். ஆனால் உங்கள் /ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால் அதையும் சேர்த்துச் சத்தமில்லாமல் தவிர்க்கும்.

நான்காவது, சூடோ. ரூட்டாக ஓட்டினால் எல்லாம் தெரியும் என்று நம்புகிறோம். டெஸ்க்டாப் லினக்ஸில் சூடோவோடு தேடிப் பாருங்கள். /ரன்/யூசர்/1000/ஜிவிஎஃப்எஸ் என்ற இடத்தில் ரூட்டுக்கே அனுமதி மறுப்பு வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஃபியூஸ் வகைக் கோப்பு முறைமைகள், வேறுவிதமாகச் சொல்லாதவரை, மவுண்ட் செய்த பயனரைத் தவிர யாரையும் உள்ளே விடாது. ராஜாவானாலும் வெளியேதான். என்எஃப்எஸ் சர்வர்களும் வழக்கமாக ரூட்டை யாரோ ஒரு அனாமதேயராகத்தான் நடத்தும். அதைவிட முக்கியமாக, தேடுவதற்கு என்று சூடோ போட்டுப் பழகிய கை, ஒரு நாள் அதே வரியில் -டெலீட்டும் சேர்க்கும். அன்றைக்கு அனுமதி மறுப்பு என்று தடுத்து நிறுத்த யாரும் இருக்கமாட்டார்கள்.

ஐந்தாவது, வேறு கருவிகள். லொகேட் வேகமானது, முன்பே தயாரித்த பட்டியலில் தேடும். அந்தப் பட்டியல் சில இடங்களைத் திட்டமிட்டே சேர்ப்பதில்லை. டெபியன், உபுண்டு அமைப்பில் /டெம்ப், /மீடியா இரண்டும் விலக்கப்பட்டவை. வெளியிலிருந்து மாட்டும் டிஸ்க் வந்து உட்காருவது /மீடியாவில்தான்! எஃப்டி என்ற புதிய கருவி ரொம்ப அழகானது, நானும் தினமும் உபயோகிக்கிறேன். அது அனுமதிப் பிழைகளை இயல்பாகவே காட்டாது. -‍-ஷோ-எரர்ஸ் என்று கேட்டால்தான் காட்டும். மறைந்த கோப்புகளையும், கிட்-இக்னோர் பட்டியலில் உள்ளவற்றையும்கூடத் தாண்டிவிடும். நிரல் எழுதுகிறவனுக்கு அது வசதி. இறந்தவர் டிஸ்கில் தேடுகிறவனுக்கு அது பொறி. வாலை நாமாக ஒட்டும்போது ‘நான்தான் மறைத்தேன்’ என்ற நினைவாவது இருக்கும். கருவியே மறைத்தால் அதுவும் இருக்காது.

ஃபைண்ட் மீதும் குறை உண்டு

பழியை முழுக்க நம் பழக்கத்தின் மேல் போடுவதும் நியாயமில்லை. சாதாரணப் பயனராக வேரிலிருந்து தேடினால் நூற்றுக்கணக்கில் பிழை வரிகள் வரும். அதற்கிடையில் தேடிய கோப்பு ஒரே வரியாக வந்து மேலே ஓடிவிடும். பார்க்கிறவன் வேறென்ன செய்வான்? வாலைத்தான் ஒட்டுவான்.

ஃபைண்ட் கடைசியில் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்: ‘இத்தனை டைரக்டரி பார்த்தேன், இத்தனை திறக்க முடியவில்லை’ என்று. சொல்வதில்லை. ஒன்று, பிழைகள் அத்தனையும் வரிவரியாக; இல்லாவிட்டால் நிசப்தம். நடுவில் எதுவும் இல்லை. முடிவுநிலை எண்ணிலும் அனுமதி மறுப்பு, டிஸ்க் கோளாறு, எழுத்துப்பிழை எல்லாம் ஒரே 1-இல் அடங்கிவிடுகின்றன. ஒரு கருவி அதிகமாகக் கத்தினால், கேட்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளத்தான் பழகுவார்கள். அப்படிப் பழகியபின் அது மெதுவாக ஒரு வரி சொன்னாலும் காதில் விழாது. எனக்கு நடந்தது அதுதான்.

நான் இப்போது செய்வது

முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தத் தேடலில் ‘இல்லை’ என்று வந்தால் அதை வைத்து ஏதாவது செய்யப்போகிறேனா?

ஒரு கான்ஃபிக் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேடுகிறேன். கிடைத்தால் வேலை முடிந்தது. அங்கே வால் தாராளமாக இருக்கலாம். ‘இருக்கு’ என்று சொல்ல ஒரு இடத்தில் பார்த்தால் போதும். ‘இல்லை’ என்று சொல்ல எல்லா இடத்திலும் பார்த்திருக்க வேண்டும். அழிக்கப்போகிறேன், ஒருவருக்குப் பதில் சொல்லப்போகிறேன், பேக்கப் முடிந்தது என்று கையெழுத்துப் போடப்போகிறேன் என்றால் வால் கூடாது.

அந்த மாதிரித் தேடலுக்குப் பதிலை ஒரு கோப்பிலும் பிழையை இன்னொரு கோப்பிலும் பிடிக்கிறேன்:

எல்சி_ஆல்=சி ஃபைண்ட் . -ஐநேம் '*.வேவ்' >கிடைத்தவை 2>முடியாதவை

திரை சுத்தமாகத்தான் இருக்கிறது. /டெவ்/நல் என்று அடிக்கிற நேரத்தில் ஒரு கோப்பின் பெயரை அடித்தால் முடிந்தது. பிறகு முடியாதவை கோப்பை மூன்று தரம் பார்க்கிறேன். முதலில், அனுமதி மறுப்பு தவிர வேறு ஏதாவது இருக்கிறதா. இருந்தால் அதுதான் அவசரம். அடுத்து, மறுக்கப்பட்டவை எத்தனை. கடைசியில், அவற்றில் எவற்றுக்குள் நான் தேடுவது இருக்க வாய்ப்பு உண்டு. அந்த இடங்களுக்கு மட்டும் சூடோ. அதுவும் பட்டியல் போடுவதற்கு மட்டும், அதே வரியில் வேறு எந்தச் செயலும் கிடையாது. முழு டிஸ்க் என்றால் டிஎஃப்பும் டியூவும் தரும் எண்கள் ஓரளவாவது ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்கிறேன். அழித்த பிறகும் ஏதாவது நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பு போன்ற காரணங்களால் கொஞ்சம் வேறுபடலாம். 52 ஜிபி வேறுபடாது.

சிதைந்த வரிகள்

வார இறுதிகளில் நான் கல்வெட்டுப் பின்னால் சுற்றுகிறவன் என்பது இந்தப் பதிவுகளைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைப் புரட்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். எழுத்து சிதைந்த இடத்தில் புள்ளிகள் இட்டிருப்பார்கள். வரியின் மிச்சம் பின்னாளில் கட்டிய சுவருக்குள் மாட்டிக்கொண்டிருந்தால் அதையும் குறித்திருப்பார்கள். படிக்க முடிந்த எழுத்துகளை மட்டும் நெருக்கிச் சேர்த்து, முழு வாசகம் போல அச்சிடமாட்டார்கள். அந்தப் புள்ளிகளைப் பார்த்துதான் அடுத்து வருகிறவன் நேரில் போய் மறுபடி படித்துப் பார்க்கிறான். ஃபைண்டின் பிழை வரிகளும் அந்தப் புள்ளிகள் மாதிரிதான்.

தோழிக்கு அன்று இரவே ஃபோன் பண்ணினேன். “இருக்கு. எல்லாமே இருக்கு. அன்னைக்கு நான் சரியாப் பாக்கல” என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினாள்.

“அம்மாகிட்ட இல்லைன்னு சொல்லிட்டேனேடா. மூணு வாரமா அதையே நெனச்சுட்டு இருக்காங்க.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரெக்கார்டிங்குகளை இரண்டு டிஸ்கில் பிரதி எடுத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா ஒரு தாலாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். பாடுகிற கிழவிக்கு நடுவில் இருமல் வருகிறது. பின்னணியில் அவள் அப்பாவின் குரல், “தண்ணி குடிச்சிட்டுப் பாடுங்க ஆத்தா, அவசரமில்ல” என்கிறது.

வீட்டுக்கு வந்து என் கல்வெட்டு நோட்டை எடுத்துப் பார்த்தேன். எந்த ஊரில் எந்தக் கல்வெட்டைத் தேடினேன் என்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறேன். கடைசிப் பத்தியில் பதினோரு இடத்தில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். அதில் எத்தனை நிஜமாகவே இல்லாதவை, எத்தனை அன்றைக்குச் சன்னதி பூட்டியிருந்ததால் நான் பார்க்காதவை என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. பதினோரு ‘இல்லை’யையும் அடித்துவிட்டு ‘பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருக்கிறேன். அடுத்த மாதம் முதல் ஊருக்குப் போகிறேன்.